ஃப்ளாக் பூட்டு விழுவதையும் விடுபடுவதையும் பைத்தானிலிருந்து கண்காணிப்பது எப்படி?

ஈரச்சுவர்:
லினக்ஸ் சர்வரில் இரண்டு பைத்தான் புரோகிராம்கள் ஒரே ஃபைலை ஃப்ளாக் என்ற ஃபைல் பூட்டு வசதி மூலம் பூட்டுகின்றன. யார் எப்போது பூட்டினார், மற்றது எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பதிய வேண்டும். ஃபைல் மாற்றங்களைக் கவனிக்கும் வாட்ச்டாக் லைப்ரரியில் ஃபைல் திறந்ததும் மூடியதும் வருகின்றன, பூட்டியது மட்டும் வருவதில்லை. எதை விட்டுவிட்டேன்?

முனையம்:
நீங்கள் எதையும் விடவில்லை. வாட்ச்டாக் லினக்ஸில் ஃபைல் மாற்றங்களை அறிவிக்கும் கெர்னல் வசதியான ஐநோட்டிஃபையை நம்பி ஓடுகிறது. ஐநோட்டிஃபையில் பூட்டுக்கென்று ஈவென்ட்டே கிடையாது. அதைப் போன்ற இன்னொரு வசதியான ஃபாநோட்டிஃபையிலும் இல்லை.

இப்போதைக்கு ப்ராக் அடைவிலுள்ள லாக்ஸ் ஃபைலைப் படித்துப் பாருங்கள். ஒரு வரி இப்படி இருக்கும்:

3: ஃப்ளாக் அட்வைசரி ரைட் 4127 08:01:1835021 0 இஓஎஃப்

4127 பிராசஸ் எண், 08:01-க்குப் பின் வரும் 1835021 ஐநோடு, அதாவது ஃபைலின் அடையாள எண். அதே 3-ஆம் எண்ணில், அம்புக்குறியோடு இன்னொரு வரி இருந்தால் அது காத்திருப்பவர். அரை நொடிக்கு ஒருமுறை படித்தால் போதுமா என்றால், நீண்ட பூட்டுகளுக்குப் போதும். 20 மில்லிநொடியில் வந்து போகும் பூட்டு பெரும்பாலும் கண்ணில் படாது.

கிளைநதி:
ஒன்றுவிடாமல் வேண்டுமென்றால் கெர்னலுக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் பிசிசி லைப்ரரிதான் வழி. பலரும் ஃப்ளாக் சிஸ்டம் காலின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் புரோப் என்ற கண்காணிப்புக் கொக்கி வைப்பார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. புரோகிராம் செத்துப்போனாலோ ஃபைலை மூடிவிட்டாலோ பூட்டு தானாக விடுபடும், அதற்கு ஃப்ளாக் கால் எதுவும் வராது. உங்கள் பதிவில் அந்தப் பூட்டு விடுபடாமலே கிடக்கும்.

அதனால் கெர்னலின் ஃபைல்லாக் பிரிவிலுள்ள ஃப்ளாக்_லாக்_ஐநோடு டிரேஸ்பாயின்ட்டைப் (கெர்னலிலேயே வைத்திருக்கும் கண்காணிப்புப் புள்ளி) பிடியுங்கள். மூடும்போது நடக்கும் விடுவிப்பும் இதன் வழியாகவே போகிறது. வகை 0 என்றால் பகிர்வுப் பூட்டு, 1 தனிப்பூட்டு, 2 விடுவிப்பு. திரும்பும் மதிப்பு 0 என்றால் கிடைத்தது, 1 என்றால் வரிசையில் நிற்கிறது, -11 என்றால் காத்திருக்க மாட்டேன் என்று கேட்டு மறுக்கப்பட்டது. 1 வந்த நேரத்துக்கும் அதே திரெட்டுக்கு 0 வந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே காத்திருப்பு. ஐநோடு எண்ணை வைத்து கெர்னல் பக்கத்திலேயே வடிகட்டுங்கள்; இல்லாவிட்டால் சர்வரில் விழும் எல்லா ஃப்ளாக்கும் வந்து குவியும். ஓட்ட ரூட் உரிமை வேண்டும்.

ஃபோர்க் செய்து பிள்ளை பிராசஸை உருவாக்கியிருந்தால் கவனம். பூட்டு பிராசஸுக்கு அல்ல, திறந்த ஃபைலுக்குச் சொந்தம். தாய் மூடினாலும் பிள்ளை வைத்திருக்கும் வரை விடுபடாது, ஆனால் லாக்ஸ் ஃபைலில் தாயின் எண்ணே நிற்கும்.

ஈரச்சுவர்:
டிரேஸ்பாயின்ட் வேலை செய்கிறது, நன்றி. ஆனால் ஒரு புரோகிராம் மறுதொடக்கம் ஆனபின் ஈவென்ட் நின்றுவிட்டது.

கிளைநதி:
தொடங்கும்போது பூட்டு ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்குகிறதா பாருங்கள். பெயர் அதே, ஐநோடு வேறு. உங்கள் வடிகட்டி பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். கண்காணிப்பைவிட இது பெரிய ஆபத்து: பழைய ஐநோடை ஒருவர் பிடித்திருக்க, புதியதை இன்னொருவர் பூட்ட, இருவரும் தனிப்பூட்டு தங்களிடம் என்று நினைத்து ஒரே நேரத்தில் எழுதுவார்கள். அழிக்கும் வரியை எடுத்துவிடுங்கள். வெறும் ஃபைல் அங்கேயே கிடக்கட்டும். வாட்ச்டாக்கையும் தூக்கி எறியாதீர்கள், அந்தப் பெயரில் புது ஃபைல் உருவானால் எச்சரிக்க அது போதும்.

முனையம்:
யாராவது லாக்எஃப் ஃபங்ஷனுக்கு மாறினால் இந்த டிரேஸ்பாயின்ட் எதையும் காட்டாது. அது போசிக்ஸ் பூட்டு, ஃப்ளாக்கிலிருந்து வேறு வகை. போசிக்ஸ்_லாக்_ஐநோடு டிரேஸ்பாயின்ட்டைப் பார்க்க வேண்டும். போசிக்ஸ் பூட்டில் அதே பிராசஸ் அந்த ஃபைலை வேறெங்கோ திறந்து மூடினாலே பூட்டு முழுதும் போய்விடும்.