புதுப்பிப்பு: கோயில் விளக்குகளுக்குக் கம்பியில்லா இணைப்பு

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் கோயிலின் கோபுர விளக்குகளோடு கீழே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அலங்கார வளைவின் விளக்குகளைக் கம்பியின்றி இணைத்தபோது, மழை வந்தாலே வளைவின் விளக்குகள் மட்டும் மாறாமல் உறைந்து நின்றுவிடுவதாக முன்னர் எழுதியிருந்தேன். அது இப்போது சரியாகிவிட்டது. இடையிலிருந்த மரங்களின் நனைந்த இலைகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சியதால், அன்டெனாவை வளைவின் உச்சிக்கு உயர்த்தி, கோபுரம் நேரே தெரியும்படி வைத்தோம். இந்த இணைப்பைத் தரும் என்ஆர்எஃப்24எல்01+ என்ற சிறிய ரேடியோ தொகுதியின் தரவு வேகத்தை விநாடிக்கு 2 மெகாபிட்டிலிருந்து 250 கிலோபிட்டாகக் குறைத்தால் அதன் உணர்திறன் -82 இலிருந்து -94 டிபிஎம் (அலையின் வலிமையை அளக்கும் அலகு) வரை மேம்படும்; அதாவது இன்னும் மெலிந்த அலையையும் அது பிடிக்கும். மலைச்சரிவில் இந்த 12 டெசிபெல் பெரிய கொடை. ஒருமுறை அனுப்பும் தரவுப் பொதியில் 32 பைட்டுகள் அடங்குவதால், எங்கள் 24 சேனல்களுக்கு (தனித்தனியே கட்டுப்படுத்தும் விளக்குப் பிரிவுகள்) வேகக் குறைவு தடையாகவில்லை. அந்தத் தொகுதிக்கு மின்சாரம் தரும் 3.3 வோல்ட் மின்கால்களுக்குக் குறுக்கே 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்ததும் இடையிடையே வந்த மினுக்கமும் நின்றது. கார்த்திகைத் தீபத்துக்கு முன் பாடசாலைப் பக்கமும் ஓர் ஏற்பியைச் சேர்க்கவுள்ளோம்.