கொல்லைக் குட்டைக்கு எந்தக் காற்றூட்டி பொருந்தும்?

திருவையாற்றுக்கு அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் 40 அடி நீளமும் 25 அடி அகலமும் 5 அடி ஆழமும் உள்ள மண் குட்டையில், ஆடி மாதம் விட்ட 150 கட்லா, ரோகு, மிர்கால் மீன் குஞ்சுகள் இப்போது கால் கிலோ அளவுக்கு வளர்ந்துள்ளன. கார்த்திகை மூட்டம் தொடங்கியதிலிருந்து, பத்து நாட்களாக, விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் அவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் அடங்கிவிடுகின்றன. நேற்று ஏழு கட்லாக்கள் வாய் பிளந்தபடியே மிதந்தன, அத்தனையும் பெரியவை.

தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறது. கரைந்த ஆக்சிஜன் காலை 5 மணிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம், பிற்பகல் 3 மணிக்கு 7. தவிடு, புண்ணாக்கு, சாணம் மூன்றையும் நிறுத்திவிட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீரை நேராக விட்டதில் பலனில்லை, அந்த நீரிலேயே ஆக்சிஜன் குறைவு. பலகைமேல் சிதறி விழச் செய்தபோது மட்டும், குழாயடியில் கூடிய மீன்கள் சற்றுத் தெளிந்தன. நீரை அடித்துக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரம் வண்டல் கரையை அரித்துவிடும் என்று அஞ்சுகிறேன். வீட்டில் ஒருமுனை மின்சாரம்தான், அதுவும் இரவில் அடிக்கடி நின்றுவிடுகிறது.

இன்வெர்ட்டரில் இரவு முழுவதும் ஓடக்கூடியதாக, அடியிலிருந்து குமிழி விடும் ஏர் பம்பு, நீரை வாரித் தெளிக்கும் மோட்டார் ஆகிய இரண்டில் எதை, எத்தனை வாட்டில் வாங்கலாம்?