பழைய எஸ்9 பிட்காயின் மைனிங் மெஷின் 14 ஆயிரத்துக்கு வருகிறது, குடியாத்தத்தில் வீட்டில் ஓட்டலாமா?

குடியாத்தம்_தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக பிட்காயின் பற்றிப் படித்துவருகிறேன், இப்போது இறங்கிப் பார்க்க ஆசை. கையில் 45 ஆயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பெங்களூரில் ஒருவர் பழைய ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்றை எஸ்எம்பிஎஸ்ஸோடு (அதற்குக் கரன்ட் கொடுக்கிற பெட்டி) 14 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறார். இரண்டாக எடுத்தால் 25. அப்பா முன்பு தறி போட்டிருந்த கொட்டகை மாடியில் சும்மாதான் கிடக்கிறது, சிமென்ட் ஷீட் கூரை. ஆயிரம் ரூபாய் அட்வான்ஸும் அனுப்பிவிட்டேன்.

நம் ஊர் வெயிலில் இந்த மெஷின் தாங்குமா? அதைவிட கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவது நல்லதா? அப்புறம், வருகிற காயினை வாங்கி விற்கிற ஆப்பிலேயே விடலாமா, காயினின் ரகசியச் சாவியை நம் கையிலேயே வைத்துக்கொள்கிற ஹார்டுவேர் வாலட் என்ற சின்னக் கருவி வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள் அண்ணா, அக்கா.

வயர்மேன்_வாலாஜா எழுதியது:

காயின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி. கரன்ட் பற்றி மட்டும் சொல்கிறேன். எஸ்9 ஏறக்குறைய 1,350 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. ஃபேன், லைட் போடுகிற சின்ன சாக்கெட்டில் சொருகினால் முதல் நாள் ஓடும், பத்தாம் நாள் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை வரும். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானாக அணைந்து அணைந்து எரியும், இது அணையவே அணையாது. போர்டிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (லோடு கூடினால் தானாக விழுகிற சுவிட்ச்), ஒழுங்கான எர்த் இவ்வளவும் வேண்டும். இரண்டு மெஷின் என்றால் எல்லாமே இரண்டு. தறிக்கு அந்தக் காலத்தில் இழுத்த வயரை நம்பாதீர்கள்.

சத்துவாச்சாரி_சர்வீஸ் எழுதியது:

தம்பி, நான் வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 2013இல் நீங்கள் இப்போது நிற்கிற அதே இடத்தில் நின்றவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மெஷின். வயர்மேன் அண்ணன் சொன்ன 1,350 வாட் ஒரு நாளைக்கு 32 யூனிட். நம் மீட்டருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுக்கிறார்கள். அதற்குள் இந்த ஒரு மெஷினே 1,900 யூனிட்டைத் தாண்டும். வீட்டு இணைப்பில் ஆயிரத்துக்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய்க்கு மேல். அந்த விலையில் பார்த்தால் நாளைக்கு 350 ரூபாய் கரன்ட்டுக்கே போய்விடும்.

இனி வரவு. மைனிங் என்பது, புதுக் காயினுக்காக உலகம் முழுக்க மெஷின்கள் ஓயாமல் ஒரு எண்ணைத் தேடுகிற போட்டி. எஸ்9 வெளிவந்தது 2016இல், வேகம் சுமார் 13.5 டெராஹாஷ். ஒரு டெராஹாஷ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி முயற்சி. இன்று உலகம் முழுக்க ஓடுகிற மெஷின்களின் மொத்த வேகம் நூற்றுக்கணக்கான எக்ஸாஹாஷ். ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைக்கிற புதுக் காயின் சுமார் 450தான். 2024 ஏப்ரலில் பிளாக்குக்கு (சுமார் பத்து நிமிடத்துக்கு ஒன்று சேர்கிற பரிமாற்றக் கட்டு) 3.125 காயின் என்று பாதியாகக் குறைந்த பிறகு வந்த கணக்கு இது. உங்கள் பங்கு ஒரு நாளைக்கு ஆயிரம் சடோஷியைக்கூடத் தொடாது. சடோஷி என்பது ஒரு பிட்காயினில் பத்து கோடியில் ஒரு பங்கு. பிட்காயின் ஒன்று ஒரு கோடி ரூபாய் என்று வைத்தாலும் அது நூறு ரூபாய்க்குள். 350 போட்டு நூறு எடுக்கிற வியாபாரம் வேண்டாம் தம்பி.

பாலாற்றில் ஊற்று தோண்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆற்று மணலில் ஒருவர் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர். ஊரே தோண்டினால் ஆள் உயரத்துக்கு இறங்க வேண்டும், அப்போதும் குடம் நிறையாது. பிட்காயினில் 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, ஏறக்குறைய இரண்டு வாரத்தில், எத்தனை பேர் தோண்டுகிறார்கள் என்று பார்த்து நிரலே ஆழத்தை, அதாவது அந்த எண்ணைத் தேடுகிற கடினத்தை, கூட்டிக் குறைக்கும். பூட்டான் மாதிரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற நாடுகள் இன்று தோண்டுகின்றன. அவர்களோடு குடியாத்தத்து மீட்டரை வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். அந்த மெஷினுக்கு 40 டிகிரி வரைதான் வரம்பு. கத்திரி வெயிலில் நிழலிலேயே நமக்கு அது தாண்டிவிடும், சிமென்ட் ஷீட்டுக்கு அடியில் கேட்கவே வேண்டாம். சத்தமும் 75 டெசிபல் பக்கம் வரும். கீழே அம்மா அப்பா தூங்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கு எத்தீரியம் என்ற இன்னொரு காயின்தான் பெரிய வேலை கொடுத்துக்கொண்டிருந்தது, 2022 செப்டம்பர் 15ஆம் தேதியோடு அதில் மைனிங்கே நின்றுவிட்டது. கேம் விளையாட வேண்டுமானால் கார்டு வாங்குங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

2013 தொடக்கத்தில் பிட்காயினுக்கென்றே செய்த ஆசிக் மெஷின்கள் வந்துவிட்டன. கார்டு வைத்திருந்தவர்கள் பிட்காயின் மாதிரியே இருக்கிற லைட்காயின் பக்கம் போனோம். நான் ரிச்சி தெருவில் இரண்டு ரேடியான் 7950 கார்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு காட்பாடிக்கு ரயிலேறினேன். கடையில் சாமான் அடுக்குகிற இரும்பு ஆங்கிள் ரேக்கில் இரண்டையும் தொங்கவிட்டு, எதிரே டேபிள் ஃபேன். அந்த வருடங்களில் சென்னைக்கு வெளியே ஊரெல்லாம் மணிக்கணக்கில் மின்வெட்டு, உங்களுக்கும் நினைவிருக்கும். கரன்ட் போகும், எல்லாம் அப்படியே அணையும், வந்ததும் ஓடிப்போய்ப் போடுவேன். கார்டுகள் அதைத் தாங்கின. ஹார்டு டிஸ்க் தாங்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் கரன்ட் வந்து சுவிட்சைப் போட்டதும் டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம். நாளும் அடுத்தவர் டிஸ்கில் கேட்கிற சத்தம் அது, எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

பயப்படவில்லை. காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவிகள் இருக்கிற வாலட் கோப்பை மார்ச்சிலேயே பென்டிரைவில் நகல் எடுத்து பீரோவில் வைத்திருந்தேன். புது டிஸ்கில் வாலட் நிரலைப் போட்டு, அந்த நகலைத் திறந்து, இரவு முழுக்க வலைப்பின்னலோடு சேர விட்டேன். காலையில் பார்த்தால் 146 லைட்காயின் இருக்க வேண்டிய இடத்தில் 9 சொச்சம்.

ஏன் என்று புரிய நான்கு நாள் ஆனது. அன்றைய வாலட் நிரல் நூறு சாவிகளை முன்கூட்டியே செய்து கோப்பில் வைத்துக்கொள்ளும். பத்து காயின் இருக்கிற முகவரியிலிருந்து ஒன்றை யாருக்காவது அனுப்பினால், மீதி ஒன்பது பழைய இடத்துக்குத் திரும்பாது. அடுத்த புதுச் சாவிக்குப் போய்விடும். நான் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், இதோ பார், பணம் எப்படிப் போகிறது என்று துளித் துளியாக அனுப்பிக் காட்டிக்கொண்டே இருந்தேன். தினமும் ஒன்றிரண்டு. ஐந்து மாதத்தில் நூறு சாவி எப்போதோ தீர்ந்து, பணம் முழுக்கப் புதுச் சாவிகளுக்கு மாறியிருந்தது. மார்ச் மாத நகலுக்கு அவற்றைத் தெரியாது. பெரிய ஊரில் இருக்கிற மீட்பு நிலையம் ஒன்றுக்கு டிஸ்கை அனுப்பினேன். உள்ளே சுழல்கிற தட்டே கீறிவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த டிஸ்க் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பத்து வருடமாக அடுத்தவர் தரவை மீட்டுக் கொடுத்தவன் நான். நகல் எடுத்தேன், ஆனால் அந்த நகலிலிருந்து ஒருமுறைகூடத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், தோண்டுகிற மெஷினுக்கு வைத்திருந்த பணத்தைக் காக்கிற மெஷினுக்குப் போடுங்கள். ஹார்டுவேர் வாலட் ஒன்று வாங்குங்கள். ட்ரெசர் 2014இல் வந்தது, லெட்ஜர் அதற்குப் பிறகு. எது வாங்கினாலும் தயாரிப்பாளரிடமோ அவர்கள் பெயர் சொல்கிற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள், பழையது வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் சொற்கள் முன்பே அச்சடித்த அட்டை இருந்தால் அது திருடன் வைத்தது, தொடாதீர்கள். கருவி உங்கள் கண் முன்னால் திரையில் பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டும். எல்லாச் சாவிகளும் அந்தச் சொற்களிலிருந்தே பிறக்கும், நூறு தீர்ந்துபோகிற கதை இதில் இல்லை.

அவற்றைக் காகிதத்தில் எழுதிய பிறகு இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மட்டும் அந்த வாலட்டுக்குக் காயின் அனுப்புங்கள். பிறகு கருவியை முழுக்க அழியுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை. காகிதத்தைப் பார்த்துச் சொற்களைத் திரும்பப் போட்டு, அந்த முந்நூறு ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். வந்தால்தான் மேற்கொண்டு பணம்.

காகிதத்தைக் கரையான் தின்னும், மழை ஒழுகும். எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்களே, அந்த மின்சாரப் பேனாவை வாங்கி, ஒரு எவர்சில்வர் தட்டின் அடியில் நீங்களே வெட்டுங்கள். கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்து போதும். 12, 24 சொற்களை எடுக்கிற பொதுப் பட்டியலில் உள்ள 2,048 சொற்களில் எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. போனில் படம் எடுக்காதீர்கள், வாட்ஸாப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும் கூடாது.

ஆப்பில் விடலாமா என்றால், 2014 பிப்ரவரியில் டோக்கியோவில் மவுன்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விற்கிற நிறுவனம்) திவாலானது, 2024 ஜூலையில் இங்கே வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலர் அளவுக்குத் திருட்டு போனது. இரண்டிலும் மாட்டிக்கொண்டவர்கள் ஆப்பில் விட்டவர்கள்தான்.

மெஷின் ஏதாவது ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆர்வம் இருந்தால், முழு நோடு ஒன்று போடுங்கள். பிட்காயினின் மொத்தக் கணக்குப் புத்தகத்தையும் (அதுதான் பிளாக்செயின்) வைத்துச் சரிபார்க்கிற கம்ப்யூட்டர் அது. பழைய மினி பிசி போதும். பிளாக்செயின் 600 ஜிபியைத் தாண்டிவிட்டது, அதனால் 2 டிபி எஸ்எஸ்டி, அதோடு சின்ன யூபிஎஸ். கரன்ட் ஒரு பல்பு அளவுதான். காசு வராது. ஆனால் யாரையும் கேட்காமல் ஒவ்வொரு பரிமாற்றத்தையும் உங்கள் வீட்டிலேயே சரிபார்க்கலாம். நான் 2013இல் கற்றிருக்க வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது.

கணக்கு_அக்கா_காட்பாடி எழுதியது:

மேலே அண்ணன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022 ஏப்ரல் முதல் இந்த வருமானத்துக்கு 30 சதவீத வரி, மேலே செஸ். ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. மைனிங் மெஷினுக்குப் போட்ட செலவை வாங்கிய விலையாகக் காட்டவும் முடியாது. விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பார்கள். எஃப்ஐயூவில் (மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் மட்டும் கணக்குத் திறங்கள், ஒவ்வொரு பரிமாற்றத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தம்பி, மெஷின் எங்களிடமே இருக்கட்டும், மாதாமாதம் இவ்வளவு சதவீதம் தருகிறோம் என்று அந்த ஆள் அடுத்துச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். 2022இல் மாத வட்டி என்று நம்பி எங்கள் தெருவிலேயே நகையை அடகு வைத்துக் கொடுத்தார்கள். என் சித்தியும் கொடுத்தார். மகளுக்குச் சேர்த்தது அது. இன்னும் வழக்குக்கு அலைகிறார்.

குடியாத்தம்_தறி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னது அப்படியே நடந்தது. வேண்டாம் என்று நேற்று போன் செய்தேன். உடனே, மெஷினை இங்கேயே வைத்து ஓட்டித் தருகிறோம், மாதம் 8 சதவீதம் என்றார். வைத்துவிட்டேன். ஆயிரம் ரூபாய் போனது போகட்டும். வாலட் ஆர்டர் செய்திருக்கிறேன், எஸ்எஸ்டி அடுத்த மாதச் சம்பளத்தில்.

சத்துவாச்சாரி அண்ணா, ஒரே ஒரு கேள்வி. தட்டு வெட்டி வைத்தால் வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டுமா? அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது.

சத்துவாச்சாரி_சர்வீஸ் எழுதியது:

சொல்ல வேண்டும் தம்பி. புரிய வேண்டியதில்லை. இந்தத் தட்டைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிடாதே அம்மா, எனக்கு ஒன்று ஆனால் இதை எடுத்துக்கொண்டு இன்னாரிடம் போ என்று ஒரு ஆளைச் சொல்லுங்கள். அந்த ஆள் நீங்கள் நம்புகிற உறவாக இருக்கட்டும். தட்டு ஒரு வீட்டிலும் கருவியைத் திறக்கிற ரகசிய எண் (PIN) இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும்.

வாலட் வந்ததும் பெட்டியோடு கடைக்கு வாருங்கள். அழித்துத் திரும்ப எடுக்கிற வேலையை என் மேசையில் உட்கார்ந்தே செய்யலாம். நான் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன், சொற்களை எனக்குக்கூடக் காட்டாதீர்கள்.