1986 புல்லட் 350 வாங்கலாமா? சத்தம், புகை, ஆர்.சி. மூன்றிலும் சந்தேகம்

கரூர்வாசி:
வணக்கம். ரொம்ப நாளாக ஒரு காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு சிலிண்டர்) புல்லட் தேடிக்கொண்டிருக்கிறேன். மணப்பாறை பக்கம் ஒரு வீட்டில் 1986 மாடல் ஸ்டாண்டர்ட் 350 நிற்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கறுப்பு நிறம், டேங்கில் தங்கக் கோடு, மூன்றெழுத்துப் பழைய நம்பர். விலை 1,15,000 சொல்கிறார்கள்.

நான் போனபோதே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுத் திரும்ப உதைத்தார், உடனே பிடித்துக்கொண்டது. வலது பக்கம் மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். இடது பக்கம் கீழே கரகரவென்று இன்னொன்று. முதலில் நீலப் புகை நிறைய வந்ததாம், நான் பார்த்தபோது குறைந்திருந்தது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் நுனியில் மட்டும்தான் ஆயில். "ரெண்டு லிட்டர் ஊத்துங்க தம்பி, சரியாயிடும்" என்கிறார்.

ஆர்.சி. அவருடைய பெரியப்பா பேரில் இருக்கிறது. அவர் காலமாகிச் சில வருடம் ஆகிறதாம். எஃப்.சி. 2016லேயே முடிந்துவிட்டது. ஆனால் 29, 30 படிவங்களில் பெரியப்பா கையெழுத்து முன்னாடியே வாங்கி வைத்திருக்கிறார்களாம், பேர் மாற்றுவதில் பிரச்சினை வராது என்கிறார். பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் ஒன்றும் காட்டவில்லை.

இதுவரை ஓட்டியது ஸ்பிளெண்டர் மட்டும்தான். வலது காலில் கியர் எனக்குப் புதுசு. வாங்கலாமா?

பாயின்ட்செட்:
சூடான எஞ்சினைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணாதீர்கள். ஒருநாள் காலையில் போய், முதலில் சிலிண்டரில் கையை வையுங்கள். ஜில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பது. சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு ஆறும்வரை அங்கேயே உட்காருங்கள். ஆறின எஞ்சினில் கிக்கர் மேல் ஏறி மெதுவாக எடையைப் போடுங்கள். கம்ப்ரஷனில் நின்று, பிறகு மெள்ள இறங்க வேண்டும். பொதபொதவென்று கீழே போய்விட்டால் ரிங் அல்லது வால்வு வேலை காத்திருக்கிறது.

ஒத்தசிலிண்டர்:
எஞ்சினை விடுங்கள். இறந்துபோனவர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவத்தை வைத்துப் பேர் மாற்றுவதா? அதைக் கையால்கூடத் தொடாதீர்கள். விற்கும் தேதிக்கு உரிமையாளர் உயிரோடு இல்லை என்றால் அது போலி ஆவணம். வாங்குகிற நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள்.

சரியான வழி படிவம் 31. உரிமையாளர் இறந்தால் வாரிசு பேருக்கு மாற்றுவதற்கென்றே இருக்கும் படிவம் அது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் வைத்து முதலில் ஒருவர் பேருக்கு மாற்ற வேண்டும். அந்த வாரிசு உங்களுக்கு 29, 30 போட்டுத் தருவார். உங்களிடம் பேசுகிறவர் தம்பி மகன். பெரியப்பாவுக்கு மனைவி, பிள்ளைகள் இருந்தால் இவருக்கு விற்கவே உரிமை கிடையாது. முதலில் அவர்களைப் பாருங்கள்.

ஆப்பில் வராததற்குப் பயப்பட வேண்டாம். 1989க்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர்கள் பலவும் கணினியில் ஏறாமல் பழைய பதிவேட்டிலேயே கிடக்கின்றன. வண்டி பதிவான ஆர்.டி.ஓ. ஆபீசில் பேக்லாக் என்ட்ரி, அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுக்க வேண்டும். அங்கே இல்லை என்றால், எஞ்சின் தங்கத்தில் செய்திருந்தாலும் வேண்டாம்.

ஆர்வக்கோளாறு:
நாற்பது வருஷ வண்டிதானே, வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் எஃப்.சி. தொல்லை இல்லையே?

ஒத்தசிலிண்டர்:
இல்லை தம்பி. 2021ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், 1986 வண்டிக்கு 2036 வரை பேச்சே இல்லை. அப்படிப் பதிந்தாலும் தினசரி ஓட்ட முடியாது, புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இவருக்கு வேண்டியது எஃப்.சி. என்று நாம் சொல்லும் சாதாரண ஆர்.சி. புதுப்பித்தல், படிவம் 25. 20 வருடம் தாண்டிய பைக்குக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 2,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 300 என்று விதியில் இருக்கிறது, பசுமை வரி வேறு. 2016லிருந்து என்பதால் மொத்தம் எவ்வளவு வருகிறது என்று ஆபீசில் கேட்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மெக்கானிக்:
நிறையப் பேர் இந்தப் புகையைப் பார்த்துத்தான் நல்ல வண்டியை விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இந்த எஞ்சினில் ஆயில் டேங்க் தனியாகத் தொங்காது, கிராங்க் கேசுக்குள்ளேயே பின்பக்கம் ஒரு அறையாக இருக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாக மெதுவாகக் கசிந்து கிராங்க் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். வெட் சம்ப் என்போம். அப்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைவாகக் காட்டும், ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை தெருவை மறைக்கும், பிரீதரில் (எஞ்சின் காற்று வெளியேறும் குழாய்) ஆயில் துப்பும். கொஞ்ச நேரம் ஓடினால் பம்ப் ஆயிலைத் திரும்ப ஏற்றிவிடும், புகையும் நிற்கும். நீங்கள் சொன்னது அப்படியே இதுதான். தயவுசெய்து அவர் பேச்சைக் கேட்டு ரெண்டு லிட்டர் ஊற்றிவிடாதீர்கள். மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். ஓட்டிவிட்டு வந்து, நிறுத்திய சூட்டோடு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

சூடான பிறகும் ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கப் புகை வந்தால் ரிங் அல்லது போர் (சிலிண்டர் உள்சுவர்) தேய்ந்திருக்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி வந்து, மறுபடி திறக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் வால்வு கைடு. ஏற்கெனவே எத்தனை தடவை சிலிண்டரைக் குடைந்து போர் அடித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைசி ஓவர்சைஸ் பிஸ்டன் வரை போயிருந்தால் ஸ்லீவோ (உள்ளே போடும் உறை) புது பேரலோ (சிலிண்டர்)தான்.

அடுத்து சத்தம். வலது பக்கம் டிக் டிக் என்பது பெரும்பாலும் வால்வை இயக்கும் டாப்பெட். பேரலுக்குக் கீழே வலது பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், ஒரே நட்டு. ஆறின எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது திறந்து, புஷ் ராடை (வால்வுக்கு மேலே போகும் தண்டு) விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் சத்தம் அங்கிருந்துதான். ரெண்டு ஸ்பேனர், பத்து நிமிட வேலை.

இடது பக்கக் கரகரப்பு பிரைமரி செயின் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) தளர்ந்ததாக இருக்கலாம். நான் பயப்படுவது இந்த ரெண்டுக்கும் இல்லை. நாலாவது கியரில் மெதுவாக வந்து சட்டென்று ஆக்சிலேட்டர் கொடுங்கள். அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி டொக் டொக் என்று தடித்த சத்தம் வந்தால் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடம்) போய்விட்டது. இதில் பிக் எண்டில் உருளை பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ். ஆயில் சரியாகப் போகாமல் ஓட்டினால் முதலில் அடிபடுவது அதுதான். கிராங்க்கைப் பிரித்து, ராட் கிட் போட்டு, திரும்ப அமுக்கி சென்டர் பார்க்க வேண்டும். அதற்குக் கை பழகிய லேத் வேண்டும், எல்லா ஊரிலும் இல்லை.

ஆயில் ஏறுகிறதா என்று பார்க்க மேலே ராக்கர் (வால்வை அழுத்தும் கை) கவரைக் கழற்றி எஞ்சினை ஓட விடுங்கள். ராக்கரில் ஆயில் கசிந்து வர வேண்டும். காய்ந்து கிடந்தால் அப்போதே எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

பாயின்ட்செட்:
இன்னொன்று. டேங்கில் என்ன எழுதியிருக்கிறது? 1986ல் கம்பெனி பேர் என்ஃபீல்ட் இந்தியா. டேங்கிலும் என்ஃபீல்ட் என்றுதான் வரும். ராயல் சேர்ந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிற்பாடு பெயின்ட் அடித்தது. தப்பில்லை, "ஒரிஜினல் பெயின்ட்" என்று சொல்லி விலை கேட்டால் மட்டும் சிரியுங்கள்.

கரூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலை சொல்லாமல் போய் நின்றேன். எஞ்சின் ஜில்லென்று இருந்தது. கிக்கரில் ஏறி நின்றேன், தாங்கியது. ஸ்டார்ட் ஆனதும் வாசல் முழுக்கப் புகை, மணப்பாறை ரோடு வரை ஓட்டிவிட்டு வந்தால் சுத்தமாக இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்குப் பக்கத்தில். அவரே ஆச்சரியப்பட்டார்.

டாப்பெட் மூடியைத் திறந்ததில் எக்சாஸ்ட் புஷ் ராட் நன்றாக ஆடியது. கூட வந்த நண்பர் சரிசெய்ததும் டிக் டிக் போய்விட்டது. ராக்கரில் ஆயில் வருகிறது. நாலாவது கியரில் டொக் டொக் இல்லை. இடது பக்கக் கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. டேங்கில் ராயல் ஸ்டிக்கர்தான், சிரித்தேன்.

பெரியம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் மகன், மகளுக்கும் சம்மதம்தான். பெரியம்மா பேருக்கு மாற்றித் தருகிறார்கள். பழைய கையெழுத்துப் படிவங்களை என் முன்னாலேயே கிழித்துப் போட்டார்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவேட்டில் வண்டி இருக்கிறது.

ஒரு சிக்கல். ஹேண்டில் கழுத்தில் பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்த சேசிஸ் நம்பர் அப்படியே ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறது. எஞ்சின் நம்பரில் மட்டும், புக்கில் கையால் எழுதியிருப்பதில் ஓர் எண் 1ஆ 7ஆ என்று தெரியவில்லை. எஞ்சினில் இருப்பது 7.

ஒத்தசிலிண்டர்:
கையெழுத்து புக் என்றால் இது சகஜம். பேக்லாக் என்ட்ரி போடும்போதே பென்சில் பிரிண்ட்டையும் கொடுத்து 7 என்று ஏற்றச் சொல்லுங்கள். ஆன்லைனில் 1 என்று ஏறிவிட்டால் பிறகு திருத்துவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். பதிவேட்டில் அந்த எண் எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்தீர்களா?

கரூர்வாசி:
அங்கே தெளிவாக 7. விலையும் 92,000க்கு வந்துவிட்டது. 5,000 அட்வான்ஸ், மீதி என் பேருக்கு மாறியதும். எஃப்.சி. செலவு அவர்களுடையது. பெரியம்மா கையெழுத்தோடு பேப்பரில் எழுதி வாங்கிவிட்டேன்.

மலைக்கோட்டை மெக்கானிக்:
நல்ல விலை. எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் ஸ்டாண்டர்ட் சைலன்சர், இண்டிகேட்டர், கண்ணாடி, சேலை கார்டு எல்லாம் இருக்கிறதா பாருங்கள். பிரைமரி செயினுக்கு இடது பக்கக் கவர் கழற்ற வேண்டும், அதுவும் ஒரே நட்டுதான். உள்ளே டென்ஷனர் இருக்கும். எஞ்சினுக்கு 20டபிள்யூ50 மினரல் ஆயில், பிரைமரிக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி. ஒன்று மாற்றினால் மூன்றும் மாறாது.

கரூர்வாசி:
கடைசியாக ஒரு சந்தேகம் அண்ணா. இரண்டாவது தடவை நான் உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்தது, கணுக்கால் இன்னும் வலிக்கிறது. எஞ்சின் கோளாறா?

மலைக்கோட்டை மெக்கானிக்:
பாதிக்குப் பாதி உதைக்கிற முறைதான் தம்பி. சாவியைப் போட்டு ஆம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். கிக்கரை மெதுவாக அழுத்த அழுத்த முள் மைனஸ் பக்கம் சாயும், பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் பாயின்ட் (இக்னிஷனுக்கு மின்சாரத்தை விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லிவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது முழு எடையோடு கடைசி வரை உதையுங்கள். பாதியில் காலை எடுக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் கொடுக்கவும் வேண்டாம்.

இப்படிச் செய்தும் அடித்தால் ஸ்பார்க் வரும் டைமிங் முன்னால் போயிருக்கும். பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை செருப்புப் போட்டு உதைக்காதீர்கள், ஷூ போடுங்கள்.