20 வரிக்குள் மெத்தட்: இது விதியா, வீம்பா?

பழைய கம்பைலர்:
"20 வரியைத் தாண்டும் மெத்தட் எதுவாயினும் அது சோம்பேறியின் கைவேலை" என்று நேற்றைய இழையில் ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மெத்தட் என்பது நிரலில் ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு ஒதுக்கிய பகுதி. அதற்கு அந்த 20 எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நிரலின் எழுத்துமுறையைச் சரிபார்க்கும் கருவிகளையே பாருங்கள்: மெத்தடுக்கு ரூபோகாப் கருவியின் இயல்பு வரம்பு 10 வரி, ஈஎஸ்லின்டில் 50, செக்ஸ்டைலில் 150. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006இல் வகுத்த பத்து விதிகளில், ஒரு தாளில் அச்சிடக்கூடிய அளவு, அதாவது ஏறத்தாழ 60 வரி, என்றுதான் இருக்கிறது. விண்கலத்துக்கு 60 போதுமாம். கடையில் பில் போடும் நிரலுக்கு 20 வேண்டுமாம்!

சிறுமெத்தட்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 300 வரி மெத்தட் ஒன்றைத் திறந்து பாருங்கள். "இங்கே தள்ளுபடி", "இங்கே ஜிஎஸ்டி", "இங்கே அச்சு" என்று நடுநடுவே விளக்கக் குறிப்பாகக் கமென்ட் எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கமென்ட் ஒவ்வொன்றும் தனி மெத்தடாகப் பிரிந்து போகக் காத்திருக்கும் துண்டு. ஐடிஇயில், அதாவது நிரல் எழுதும் மென்பொருளில், அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து, பிரித்தெடுக்கும் கட்டளையைக் கொடுத்து, அந்தக் கமென்டையே பெயராக வைத்தால் வேலை முடிந்தது. நீண்ட மெத்தடைத் துர்நாற்றம், அதாவது நிரலில் கோளாறு இருப்பதன் அறிகுறி, என்று 'ரீஃபாக்டரிங்' நூலாசிரியர் மார்ட்டின் ஃபவுலர் 1999இலேயே எழுதிவிட்டார்.

பழைய கம்பைலர்:
ஃபவுலர் 20 என்று எங்கே எழுதினார்? மெத்தட் என்ன செய்கிறது என்பதற்கும் அதை எப்படிச் செய்கிறது என்பதற்கும் உள்ள தூரமே முக்கியம், நீளம் அன்று என்பதுதான் அவர் கருத்து. 20 என்ற எண்ணைக் காட்டுங்கள்.

பிரித்தெடுப்பது தங்களுக்கு ஒரு சொடுக்கு வேலை. ஆனால் அந்தத் துண்டு வெளியே இருந்த ஏழு லோக்கல் மாறிகளை, அதாவது பழைய மெத்தடுக்குள் மட்டும் வாழும் மதிப்புகளை, தொட்டுக்கொண்டிருந்தால், புதிய மெத்தட் ஏழு பாராமீட்டர்களோடு, அதாவது அழைக்கும்போது கொடுக்க வேண்டிய ஏழு உள்ளீடுகளோடு, பிறக்கும். அது அசிங்கமாக இருக்கிறதென்று நம் நண்பர்கள் என்ன செய்கிறார்கள்? லோக்கல் மாறிகளை எல்லாம் மெத்தட்களைத் தொகுத்து வைக்கும் கிளாஸின் ஃபீல்டுகளாக, அதாவது அதன் எல்லா மெத்தட்களும் தொடக்கூடிய மாறிகளாக, ஏற்றிவிட்டு, பாராமீட்டரே இல்லாத அழகான மெத்தட்கள் என்று மார்தட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகு தள்ளுபடி மெத்தடுக்கு முன்னால் ஜிஎஸ்டி மெத்தடை அழைத்தால் தொகை தப்பாகும். நிரலை மொழிபெயர்த்துப் பிழை காட்டும் கம்பைலரோ வாயே திறக்காது. முன்பு மேலிருந்து கீழாகக் கண்ணில் பட்ட வரிசை, இப்போது பத்து மெத்தட்களுக்குள் ஒளிந்துகொண்டது.

தஞ்சை நிரலர்:
ஒரு சிறு ஐயம்: இந்த 20இல் வெற்று வரிகளும், மூடும் அடைப்புக்குறி மட்டும் இருக்கும் வரிகளும் சேருமா?

சிறுமெத்தட்:
சேராது.

தஞ்சை நிரலர்:
அப்படியானால் மெத்தடை அடைப்புக்குறியால் மூடாத பைத்தான் மொழிக்கு என்ன கணக்கு?

பழைய கம்பைலர்:
அவரிடம் கேட்டால் பைத்தானுக்கும் 20 என்பார். நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு குழுவில் பில் மெத்தடை 20 வரித் துண்டுகளாக நறுக்கினார்கள். முன்பு மொத்தத் தொகைக்கு ஜிஎஸ்டி கணக்கிட்டுக் கடைசியில் ஒரே முறை பைசாவுக்கு முழுமையாக்கினார்கள். நறுக்கிய பிறகு, ஒவ்வொரு பொருளுக்கும் ஜிஎஸ்டி போடும் மெத்தடுக்குள்ளேயே முழுமையாக்கல் போய் உட்கார்ந்துகொண்டது. 10.15 ரூபாய்ப் பொருள் மூன்று, ஜிஎஸ்டி 18 விழுக்காடு. மொத்தத்தில் கணக்கிட்டால் 5.48 ரூபாய், தனித்தனியாக முழுமையாக்கிக் கூட்டினால் 5.49. அந்த ஒரு பைசாவுக்காகக் கணக்குப் பிரிவினர் மாதக் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 20 வரி என்னவோ கச்சிதமாக இருந்தது.

சிறுமெத்தட்:
ரீஃபாக்டரிங் என்றால் வெளிநடத்தை மாறாமல் நிரலின் உள்ளமைப்பைச் சீராக்குவது. வெளிநடத்தை மாறிவிட்டால் அது ரீஃபாக்டரிங்கே அன்று. முதலில் அந்த மூன்று பொருள்களுக்கு ஒரு டெஸ்ட் கேஸ், அதாவது சரியான விடையோடு ஒப்பிடும் சோதனை, எழுதியிருந்தால் 5.49 அன்றைக்கே சிவப்பாகத் தெரிந்திருக்கும். டெஸ்ட் எழுதாதவர்களின் குற்றத்தை 20 வரியின் தலையில் கட்டுகிறீர்கள். டெஸ்ட் பற்றிய பழைய இழையிலும் இதைத்தான் செய்தீர்கள். கடைசியில் பதில் சொல்லாமல் நழுவினீர்கள்.

பழைய கம்பைலர்:
நழுவவில்லை, மட்டுறுத்துநர் இழையைப் பூட்டினார், பூட்டச் சொன்னவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். 20க்கு ஆதாரம் கேட்டால் டெஸ்டுக்குத் தாவுகிறீர்கள்.

கோவை குறும்பன்:
டூம் விளையாட்டின் நிரலர் ஜான் கார்மாக் 2007இல் எழுதிய மின்னஞ்சலை இருவரும் படிக்கலாம். ஒரே இடத்திலிருந்து மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன்களை (மெத்தட் போன்றவைதான்) அழைத்த இடத்திலேயே விரித்து எழுதினால், எது எப்போது நடக்கிறது என்பது கண்முன் தெரியும் என்கிறார். அவரை விடவா?

சிறுமெத்தட்:
2014இல் அதையே மறுபடி வெளியிட்டபோது, பக்கவிளைவில்லாத, அதாவது வெளியே எதையும் மாற்றாமல் விடையை மட்டும் தரும், தூய ஃபங்ஷன்கள் பக்கம் தாம் மேலும் சாய்ந்திருப்பதாக அவரே முன்குறிப்பு எழுதினார். பாதியைப் படித்துவிட்டு வந்து பாடம் நடத்தாதீர்கள். முழுமையாக்கலைத் தூய ஃபங்ஷனாக வைத்து, கூட்டிய பிறகு அழைத்தால் பைசாவும் தப்பாது, 20 வரியும் தாண்டாது.

கோவை குறும்பன்:
பாடம் நடத்துவது யார் என்று தங்கள் கடைசிப் புல் ரிக்வெஸ்டை, அதாவது மாற்றிய நிரலைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை, பார்த்தவர்களுக்குத் தெரியும். நாற்பது கோப்புகளைத் தொட்டு, விளக்கமாக "சுத்தம் செய்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

சிறுமெத்தட்:
அதை ஒப்புக்கொண்டு மூல நிரலோடு மெர்ஜ் செய்தவரே தாங்கள்தான்.

பழைய கம்பைலர்:
அந்தப் புல் ரிக்வெஸ்டை நானும் திறந்து பார்த்தேன். அதில் 34 வரி நீளத்தில் ஒரு மெத்தட் நிற்கிறது, எழுதியவர் 20 வரித் தீர்ப்பாளர்.

சிறுமெத்தட்:
அது ஸ்விட்ச், ஒரு மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்வது. ஸ்விட்சுக்கு விதிவிலக்கு உண்டு.

பழைய கம்பைலர்:
இந்த விலக்கு நேற்று இல்லையே! இன்னும் எத்தனை விலக்குகள் உண்டு, ஒரே பதிவில் எழுதிவிடுங்கள்.

தஞ்சை நிரலர்:
அந்த ஸ்விட்சில் வெற்று வரிகளைக் கழித்தீர்களா?