பருத்திக்கு மருந்து அடிக்கப் போன அன்னிக்கு: எங்க குடும்பக் குழுவில்

[காலை 10:42] மல்லிகா அண்ணி: தேவி இருக்கியா? உங்கண்ணன் மேல மருந்து கொட்டிருச்சு. போன் அடிச்சேன், எடுக்கல

[10:43] தேவி: வார்டுல இருக்கேன் அண்ணி, பேச முடியாது. இங்கயே எழுதுங்க. டேங்குல கலந்ததா, பாட்டில்ல இருந்த கலக்காத மருந்தா?

[10:44] மல்லிகா அண்ணி: கலக்காதது. மூடியத் திருகுறப்ப வழுக்கி லுங்கி, தொடையெல்லாம் நனைஞ்சிருச்சு. மண்ணெண்ணெய் மாதிரி வீச்சம்

[10:44] மல்லிகா அண்ணி: (பாட்டில் படம்)

[10:45] தேவி: குளோர்பைரிபாஸ் 20 ஈசி, எண்ணெயில கரைச்ச பூச்சிமருந்து. மஞ்சள் முக்கோணம் போட்டிருக்கு, கடும் விஷம்னு அர்த்தம். லுங்கியக் கழட்டியாச்சா?

[10:45] மல்லிகா அண்ணி: எங்க கழட்டுறாரு. வாய்க்கால்ல காலக் கழுவிட்டு மிச்ச ரெண்டு டேங்கையும் அடிச்சிட்டு வரேங்கிறாரு

[10:46] தேவி: ஒரு டேங்கும் வேணாம். இப்பவே, நிக்கிற எடத்துலயே லுங்கி, டவுசர், சட்டை எல்லாத்தையும் அவுத்துட்டு உடனே குளிக்கச் சொல்லுங்க. பாதி மருந்து துணியிலதான் ஊறி உக்காந்திருக்கும்

[10:46] சேகர் மாமா: குளிக்கிற நேரமா இது? வண்டில ஏத்தி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா

[10:48] தேவி: மாமா, நனைஞ்ச லுங்கியோட அரைமணி நேரம் வண்டில போனா அந்த அரைமணி நேரமும் மருந்து உள்ள எறங்கிக்கிட்டே இருக்கும். மூச்சு வாங்குது, மயக்கமா இருக்குன்னா 108 கூப்பிட்டுட்டு, அது வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தணும். அண்ணன் தெளிவாத்தான் பேசுறாரு. முதல்ல குளியல், அப்புறம் ஆஸ்பத்திரி

[10:49] அம்மா: (குரல் பதிவு 0:38)

[10:50] கார்த்தி: அம்மா தேங்காண்ணெ தடவச் சொல்றாங்க, புளி கரைச்சுக் குடிக்கக் குடுக்கச் சொல்றாங்க. அழுதுகிட்டே

[10:51] தேவி: அம்மா, ரெண்டும் வேணாம்மா. அதுவே எண்ணெயில கரைச்ச மருந்து, மேல எண்ணெய் போட்டா இன்னும் பரவும். வாயில எதையும் ஊத்தாதீங்க, வாந்தி வந்தா புரையேறிடும்

[10:52] மல்லிகா அண்ணி: மோட்டார் போட முடியாது, மும்முனை கரண்ட் மத்தியானந்தான் வரும். தொட்டில தண்ணி இருக்கு

[10:53] தேவி: தொட்டிக்குள்ள எறங்கக் கூடாது, மாடு குடிக்கிற தண்ணி. மொண்டு மொண்டு ஊத்துங்க. வெறும் தண்ணியில இந்த எண்ணெய் போகாது, சோப்பு நெறைய போடணும். பச்சத்தண்ணிதான், வெந்நீர் வேணாம். நார், கல்லு எதுவும் வச்சுத் தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சா அந்த வழியா போகும். கையாலதான். குறைஞ்சது 20 நிமிஷம், மணி பாத்து. நீங்க கையில பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கங்க

[10:54] தேவி: குழுவுல சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. தொடை இடுக்கு, அந்தரங்க எடத்துத் தோல் முன்னங்கைய விட பத்து மடங்குக்கு மேல உறிஞ்சும். அண்ணன் கூச்சப்பட்டு மேலாக்க ஊத்திட்டு வந்துடுவாரு. தொப்புள், நகக்கண்ணும் விடாதீங்க. கண்ணுல தெறிச்சுதா?

[10:55] மல்லிகா அண்ணி: கண்ணுல படல. ஊத்திக்கிட்டிருக்கேன்

[10:58] சேகர் மாமா: போன வருஷம் எனக்கு சுண்ணாம்புத் தூள் கொட்டுனப்ப உடனே தண்ணி ஊத்துனேன். எரிஞ்சு கொப்புளமாயிருச்சே

[11:00] தேவி: அது தூள் மாமா. முதல்ல காஞ்ச துணியால தட்டி உதறிட்டு, அப்புறந்தான் ஓடுற தண்ணி. அரைகுறையா நனைஞ்சா சுண்ணாம்பு சூடேறும். இது திரவம், நேரா தண்ணிதான்

[11:17] மல்லிகா அண்ணி: ஆச்சு. ஆனா வீச்சம் இன்னும் போகல. மூணு தடவ சோப்பு போட்டாச்சு

[11:18] தேவி: அரைஞாண் கயிறு?

[11:18] மல்லிகா அண்ணி: அட ஆமா. இடுப்புலதான் இருக்கு

[11:19] தேவி: அதுதான் வீசுது. நூல் குடிச்சு வச்சிருக்கும். அறுத்துடுங்க. தோல் செருப்பு, பெல்ட்டும் அப்படித்தான், கழுவுனாலும் போகாது

[11:20] மல்லிகா அண்ணி: சமயபுரத்துல மந்திரிச்சுக் கட்டுனதாம். அறுக்கக் கூடாதுங்கிறாரு

[11:21] அம்மா: (குரல் பதிவு 0:06)

[11:21] கார்த்தி: "அறுக்கச் சொல்லு அவன. ஆடி வெள்ளிக்கு நானே போயி புதுசு கட்டியாறேன்."

[11:23] மல்லிகா அண்ணி: அறுத்தாச்சு. திரும்ப சோப்பு போடுறோம்

[11:25] தேவி: அது முடிஞ்சதும் வேற துணி உடுத்தி நேரா ஆஸ்பத்திரிக்கு, பாட்டில ஒரு கவர்ல போட்டு கையோட. நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் விடாதீங்க. இது உடம்புக்குள்ள போயி மாறின பிறகுதான் முழு விஷமாகும், பல மணி நேரம் கழிச்சும் காட்டும். வேர்த்துக் கொட்டுறது, எச்சில் ஒழுகுறது, கண்ணுல தண்ணி, வயித்து வலி, சதை துடிக்கிறது, கண்ணு பாப்பா ஊசிமுனையா சுருங்குறது, எதுன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. இதுக்கு முறிவு மருந்தா அட்ரோபின் ஊசி இருக்கு

[மாலை 4:10] மல்லிகா அண்ணி: ஆஸ்பத்திரிலதான் இருக்கோம். ராத்திரி இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. பசிக்குதுங்கிறாரு

[4:12] தேவி: டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் குடுங்க. லுங்கி எங்க?

[4:13] மல்லிகா அண்ணி: அத்தை வீட்டு வாளியில ஊறப் போட்டிருக்காங்களாம், புள்ளைங்க யூனிபார்மோட

[4:13] தேவி: அய்யோ. கார்த்தி, ஓடு. லுங்கிய கையால தொடாத, குச்சியால எடுத்து ரெண்டு கவர்ல போட்டுக் கட்டு. யூனிபார்ம அப்படியே தனியா வை, நான் வந்து பாக்குறேன்

[4:19] கார்த்தி: எடுத்துட்டேன். அத்தை புது லுங்கிங்கிறாங்க, கழுவிக் குடுக்கவாம்

[4:20] தேவி: நான் வாங்கித் தரேன்னு சொல்லு