மாய் தாய் காக்டெயிலுக்கு எந்த ரம்? பட்ட அனுபவத்தைச் சொல்லுங்கள்

எல்ல பார்க்காரன்:
எல்லவில் ஒரு சின்ன ஹோட்டல் பாரில் சேர்ந்து இரண்டாவது மாதம். நல்ல மழை. ரயிலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் மாய் தாய் கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த மாய் தாய்: கறுப்பு ரம், அன்னாசிச் சாறு, மேலே ஒரு செர்ரி. ஒரு மிடறு குடித்தார், கிளாஸைத் தள்ளி வைத்தார். "இது எந்த ஊர் ரம்?" என்று கேட்டார். "கறுப்பு ரம் சேர்" என்றேன். சிரித்துவிட்டார்.

1944இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் டிரேடர் விக் என்ற பார் முதலாளி செய்த மாய் தாயில் அன்னாசியே இல்லையாம். 17 வருட ஜமைக்கா ரம், தேசிக்காய்ச் சாறு, குராசாவ் என்ற ஆரஞ்சு மது, பாதாம் சிரப், கொஞ்சம் சீனிப்பாகு, அவ்வளவுதான். மறுநாள் தன் பையிலிருந்த ஜமைக்காப் போத்தலைத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னார். தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழ வாடை குப்பென்று அடித்தது. கெட்டுப்போன சரக்கு என்றே நினைத்தேன். சீனி எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகை நாள்கணக்கில் புளிக்கவிட்டு பானை வடிகலனில் வடிப்பதால் வரும் வாசம் அது.

அப்பா ஹட்டன் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். சாயத்தை மட்டும் பார்த்துத் தேத்தண்ணியைச் சொல்ல ஏலாது என்பார். ரம்முக்கும் அதேதான். கறுப்பு நிறம் வெறும் கருக்கிய சீனியாக இருக்கலாம். பல வருடம் பீப்பாயில் கிடந்ததைக் கரியில் வடிகட்டி வெள்ளையாக்கியும் விற்கிறார்கள்.

இப்போது நான் பார்ப்பது ஊரையும் வடித்த விதத்தையும். உயரமான தூண் வடிகலனில் வடித்த கியூபா, போர்ட்டோ ரிக்கோ மாதிரி இலேசான ரம், தேசிக்காயும் சீனியும் சேர்க்கும் டைகிரி காக்டெயிலுக்குப் போதும். கயானாவின் டெமரரா ரம் கனமானது, கொஞ்சம் புகை மாதிரி. அங்கே மரத்தால் செய்த பழைய வடிகலன்கள் இன்னும் ஓடுகின்றன. மார்ட்டினிக் தீவின் அக்ரிகோல் ரம் பாகில் இல்லை, பச்சைக் கரும்புச் சாற்றில் செய்வது. கரும்புத் தோகையைக் கசக்கிய வாசம். ஜமைக்காவும் மார்ட்டினிக்கும் பாதிப் பாதி ஊற்றிய மாய் தாய்தான் என் கைக்கு இதுவரை சரியாக வந்தது.

கண்டி வாசி:
அண்ணே, நான் ரம் கிடைக்காமல் நம்ம தென்னஞ்சாராயத்தில் மாய் தாய் செய்து பார்த்தேன். பாதாமோடு நல்லாத்தான் சேர்ந்தது, ஆனால் அது மாய் தாய் இல்லை. கள்ளிலிருந்து வருவதற்குக் கரும்பின் அடிச்சுவை எப்படி வரும்? பழைய பஞ்ச் குறிப்புகளில் 'அராக்' என்று இருந்தால் அவசரப்பட்டு நம்ம போத்தலைத் திறக்க வேண்டாம். அது பெரும்பாலும் ஜாவாவின் பட்டேவியா அராக். கரும்புப் பாகும் அரிசியும் சேர்ந்தது.

நுவரெலியாக்காரி:
ஏப்ரல் சீசனில் வீட்டில் ஸோம்பி என்ற ரம் காக்டெயில் செய்தோம். 1934இல் ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர் என்ற பார்க்காரர் உருவாக்கியது. ஒரே கிளாஸில் மூன்று ரம். அதில் ஒன்று 151 புரூஃப், அதாவது 75.5 சதவீதம். ஆளுக்கு இரண்டுக்கு மேல் அவர் கொடுக்கமாட்டாராம். பந்தாவுக்குச் சொன்னது என்று நினைத்தோம். மூன்றாவதைக் குடித்த மச்சான் அந்தக் குளிரில் செருப்பில்லாமல் கிரகரி வாவிப் பக்கம் போய் நின்றார். கலவை மட்டும் அருமை: ஜமைக்காவின் வாசம், டெமரராவின் கனம், இலேசான ரம் இரண்டையும் பிடித்து நிறுத்துகிறது. ஒன்றைக் குறைத்தாலும் சப்பென்று போகிறது.
பாதாம் சிரப் எங்கே வாங்குகிறீர்கள்?

எல்ல பார்க்காரன்:
வாங்குவதில்லை தங்கச்சி. பாதாமை ஊறவைத்து, தோலுரித்து, அரைத்துப் பிழிந்து, அந்தப் பாலில் சீனியைக் கரைக்கிறேன். பௌர்ணமிப் போயா அன்று பார் மூடியிருக்கும், அப்போதுதான் கை ஒழியும்.